முன்னெழுத்தும் முழுப்பெயரும்

(கரமனையில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

புலவர் பெருமக்கள் பலர் பேசிச் சென்ற இம்மேடையில் என்னையும் பேசுமாறு செயலாளர் அவர்கள் அழைத்தபோது முதலில் மறுத்தேன். யான் புலவன் அல்லேன். பத்தாம் வகுப்புத் தேறி, ரயில்வேயில் எழுத்தனாகச் சேர்ந்து, இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பிறர் பெயர்களை எழுதி வயிறு வளர்ப்பவன். "அந்தப் பெயர்களைப் பற்றியே பேசுங்களேன்" என்றார் அவர். அதற்கு மறுமொழி கூற எனக்கு இயலவில்லை.

என் பெயரிலிருந்தே தொடங்குகிறேன். சுசீந்திரத்தில் எழுந்தருளியிருக்கும் பெருமானின் பெயரே எனக்கு இட்ட பெயர்: தாணுமாலயன். தாணு என்பது சிவபெருமான். மால் என்பது திருமால். அயன் என்பது நான்முகன். மூவர் பெயரும் ஒன்றாய்த் திரண்டது இது. இவற்றுள் தாணு என்பது 'ஸ்தாணு' என்னும் வடசொல்லின் தமிழ் உருவம். அசையாது நிற்பவன் என்பது பொருள். இப்பெயரோடு யான் இங்குள்ள பள்ளியிற் சேர்ந்தபோது, ஆசிரியர் மலையாள முறைப்படி 'ஸ்தாணுமாலயன்' என்று எழுதினார். வடமொழியை நோக்கின் அவர் எழுதியதே சரி. என் தந்தையாரோ குடும்ப அட்டையிலும் பிறவற்றிலும் தமிழ் முறைப்படியே எழுதுவித்தார். தமிழை நோக்கின் அதுவும் சரி. இரண்டும் ஆங்கில எழுத்துக்கு மாறியபோது ஒன்று 'எஸ்' என்னும் எழுத்திலும், மற்றொன்று 'டி' என்னும் எழுத்திலும் தொடங்கின. அசையாது நிற்பவன் என்னும் பொருளுடைய பெயர் அகரவரிசைப் பட்டியல்களில் இங்கும் அங்குமாக அலைகின்றது. சில பட்டியல்களில் இரண்டிடத்தும் இருக்கிறேன். சிலவற்றில் ஓரிடத்தும் இல்லை.

இளமையில் சில ஆண்டுகள் முன்பதிவுப் பிரிவில் இருந்தேன். அந்நாளில் பயணிகளின் பெயர்ப்பட்டியலை அச்சிட்டு ரயில் பெட்டியின் வாயிலருகே ஒட்டுவார்கள். பெரிய நிலையங்களில் 2018 ஆம் ஆண்டில் அவ்வழக்கம் நிறுத்தப்பட்டது. தாள் மிச்சமாயிற்று என்பர். அந்தத் தாளை ஒரு முறை மேலிருந்து கீழாகப் படித்தால், ஏறுகின்றவர் எந்த ஊர்த் தெய்வத்துக்கு உரியவர் என்று முகம் பாராமலே கூறிவிடலாம். நெல்லையப்பனும் காந்திமதியும் திருநெல்வேலி. சங்கரநாராயணனும் கோமதியும் சங்கரன்கோவில். உலகம்மை தென்காசி. செந்திலும் சண்முகமும் திருச்செந்தூர். பத்மநாபனும் அனந்தனும் நம் நகரம். இசக்கி, பேச்சிமுத்து, சுடலைமுத்து என்பன கோபுரமில்லாத் தெய்வங்களின் பெயர்கள். இயக்கி என்னும் பழஞ்சொல்லே மக்கள் நாவில் இசக்கி ஆயிற்று. நெல்லைப் பக்கத்தில் அதுவும் 'எசக்கி' என்று ஒலிக்கும். பீர்முகமது என்றால் தக்கலையில் அடங்கிய ஞானியாரின் பெயர். சாகுல் ஹமீது என்றால் நாகூர் ஆண்டவர் பெயர்.

கிறித்தவப் பெயர்களில் எனக்கொரு தனி வியப்பு உண்டு. சின்னப்பன் என்னும் பெயரைக் கேட்டு, வீட்டில் இளைய பிள்ளை போலும் என்று நெடுநாள் எண்ணியிருந்தேன். பவுல் அடிகளார் பெயர் இலத்தீனில் சிறியவர் எனப் பொருள்படும்; அதைத் தமிழாக்கிச் சின்னப்பர் என்றனர் முன்னோர். யோவானை அருளப்பர் என்றனர். நம் தென்திருவிதாங்கூரைச் சேர்ந்த நீலகண்ட பிள்ளை 1745 இல் திருமுழுக்குப் பெற்று இலாசர் என்னும் பெயரைத் தமிழ் உருவில் ஏற்றார். எபிரேய மூலத்தில் அதன் பொருள் கடவுள் துணை என்பது. ஆகவே தேவசகாயம் ஆனார். 2022 மே 15 அன்று உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோதும் அத்தமிழ்நாட்டுப் பெயராலேயே அவர் அழைக்கப்பட்டார்.

இனி முன்னெழுத்துக்கு வருவோம். நம் பெயருக்கு முன்னே நிற்கும் ஓரெழுத்து வெள்ளையர் ஆட்சியின் கொடை என்று சிலர் கருதுகின்றனர். எழுத்தாகச் சுருக்கியது வேண்டுமானால் பின்னை வழக்கமாக இருக்கலாம், முறை நம்முடையதே. 'மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்' என்று ஒரு புலவர் பெயர் சங்க நூல்களில் வழங்குகிறது. ஊர் மதுரை; தந்தை கணக்காயனார்; தம் பெயர் நக்கீரன். இன்று அவர் என் சாளரத்தில் வந்து டிக்கெட் எடுத்தால் ம. க. நக்கீரன் என்று எழுதுவேன். 'காவிரிப்பூம்பட்டினத்துப் பொன்வாணிகனார் மகனார் நப்பூதனார்' முல்லைப்பாட்டைப் பாடியவர். அவருக்குத் தந்தையின் தொழிலே முன்னெழுத்து. அடுத்து, கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன் அவர்களை எண்ணிப் பாருங்கள். நாகர்கோவில் சுடலைமுத்து கிருஷ்ணன்: ஊர், தந்தை, தம் பெயர். நக்கீரனாருக்கும் கலைவாணருக்கும் இடையே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு; முறையில் ஓரணுவும் மாற்றமில்லை.

நக்கீரன், நப்பூதன், நச்செள்ளை என்னும் பெயர்களின் முதலில் நிற்கும் 'ந' சிறப்புப் பொருள் தருவது என்பர் அறிஞர். கீரன், பூதன், செள்ளை என்பனவே இயற்பெயர்கள். இன்று 'திரு' என்கிறோமே, அதுபோலும்.

அப்புலவர்களுள் சிலருக்கு இயற்பெயரும் தெரியவில்லை, ஊரும் தெரியவில்லை. தாம் பாடிய பாட்டில் வரும் ஓர் அரிய தொடரே அவர்க்குப் பெயராயிற்று. செம்புலப் பெயனீரார், தேய்புரிப் பழங்கயிற்றினார் என்பன அவ்வாறு வந்தவை. பெற்றோர் இட்ட பெயர் ஒழிந்து, தாம் ஈன்ற பாட்டு இட்ட பெயர் நின்றது. இது பழங்கதை அன்று. நம் நகரத்திலேயே நிகழ்ந்துள்ளது. ஆலப்புழையில் 1855 இல் பிறந்து, இங்குள்ள மகாராசா கல்லூரியில் தத்துவப் பேராசிரியராய் விளங்கிய சுந்தரம் பிள்ளை அவர்களுக்குத் தந்தை பெருமாள் பிள்ளை. ஆகவே பெ. சுந்தரம் பிள்ளை. 1891 இல் அவர் மனோன்மணீயம் நாடகத்தை வெளியிட்டார். 1897 இல் மறைந்தார். இன்று யார் அவரைப் 'பெ.' என்னும் எழுத்தோடு நினைக்கின்றனர்? மனோன்மணீயம் சுந்தரனார் என்றே உலகம் கூறும். 1990 இல் நெல்லையில் தோன்றிய பல்கலைக்கழகமும் அப்பெயரையே தாங்கியது. தந்தை பெயர் நின்ற இடத்தில் நூலின் பெயர் வந்து அமர்ந்தது.

கேரளத்தார் முறை வேறு. அவர்க்கு முதலெழுத்துப் பெரும்பாலும் வீட்டுப் பெயர். ஏலங்குளம் மனைக்கல் சங்கரன் நம்பூதிரிப்பாடு என்பதே ஈ. எம். எஸ். என்று சுருங்கியது. 2025 இல் மறைந்த முன்னாள் முதலமைச்சர் வி. எஸ். அச்சுதானந்தன் அவர்களுக்கு 'வி' வீடு. 'எஸ்' தந்தையார் சங்கரன். அரச குடும்பத்தாருக்கோ பிறந்த நாண்மீனே பெயர்: சுவாதித் திருநாள், மூலம் திருநாள், சித்திரைத் திருநாள். நம் கரமனையும் ஒரு முன்பெயராக நின்றதுண்டு. எலிப்பத்தாயம் என்னும் மலையாளப் படத்தின் நாயகராக நடித்தவர் கரமனை ஜனார்த்தனன் நாயர். ஆற்றங்கரைத் தெருக்களில் வரிசை வீடுகளில் வாழ்ந்த நம்மவர்க்குத்தான் வீட்டுப் பெயர் கிடையாது. பள்ளி விண்ணப்பத்தில் 'வீட்டுப் பெயர்' என்றிருந்த கட்டத்தில் என் தந்தையார் நெடுநேரம் யோசித்து, மாநகராட்சி தந்த 'டி.சி.' என்று தொடங்கும் எண்ணை எழுதினார். ஆசிரியர் சிரித்தார். சிரித்துவிட்டு ஏற்றுக்கொண்டார்.

உலகப் புகழ் பெற்ற நம்மவர் சிலர் இம்முறையால் தந்தை பெயரால் அழைக்கப்படுவதும் உண்டு. கணித மேதை ராமானுஜனுக்குச் சீனிவாச என்பது தந்தை பெயர். மேனாட்டார் சிலர் அதையே அவர் இயற்பெயர் என்று கொள்வர். 1983 இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் அவர்களுக்கும் தந்தை சுப்பிரமணியன். தம் பெயர் சந்திரசேகர். ஆயினும் அவருக்கு நல்லூழ் இருந்தது. விண்மீன்களின் நிறைக்கு அவர் கண்ட எல்லையும், 1999 இல் விண்ணில் ஏவப்பட்ட சந்திரா ஆய்வுக்கூடமும் அவருடைய சொந்தப் பெயரையே பெற்றன. அவருடைய பாட்டனார் பெயரும் சந்திரசேகரரே. அப்பாட்டனாரின் மற்றொரு மகனே சர் சி. வி. ராமன். அவருக்குச் சந்திரசேகர என்பது தந்தை பெயர். வெங்கடராமன் என்னும் இயற்பெயர் இரண்டாகப் பிளந்து, பாதி முன்னெழுத்தாகவும் பாதி பெயராகவும் ஆயிற்று.

பாட்டன் பெயரைப் பெயரனுக்கு இடுவது நம் பழமுறை. பெயரன் என்னும் சொல்லே 'பெயரை உடையவன்' என்று பொருள்படும். அதுவே பேரன் ஆயிற்று. பெயர்த்தி என்பது பேத்தி ஆயிற்று. இதிலே ஓர் இடர்ப்பாடு உண்டு. தாய்மார்கள் நன்கு அறிவார்கள். மாமனார் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்லல் ஆகாது. பிள்ளைக்கோ அதே பெயர். எனவே வீட்டில் ஒரு செல்லப் பெயர் வேண்டியதாயிற்று. அம்பி, ராஜா, தங்கம், குஞ்சு, பாப்பா என்று நம் தெருக்களில் ஒலித்த பெயர்களெல்லாம் பெரும்பாலும் மரியாதையின் பொருட்டு மறைக்கப்பட்ட பெயர்களின் மேல் போர்த்திய போர்வைகள். போர்வையே தோலாகிவிடுவதும் உண்டு.

என் தாயாருக்கு நேர்ந்தது அதுவே. தென்காசிப் பக்கத்துப் பெண். தந்தைவழிப் பாட்டியின் பெயர் உலகம்மை, அதையே இட்டனர். ஆனால் பிறந்த நாள் தொட்டு எல்லார்க்கும் அவர் தங்கம். என் தந்தையார் தம் அலுவலகப் பணிப்பதிவேட்டில் மனைவி பெயரை முறையாக 'உலகம்மாள்' என்று எழுதுவித்தார். குடும்ப அட்டை எழுத வந்தவர் வாயிற்படியில் நின்று கேட்டபோது, அடுக்களையிலிருந்து வந்த மறுமொழி 'தங்கம்'. வங்கியில் அவ்வட்டையைக் காட்டினமையால் அங்கும் தங்கம். ஆதார் எடுத்தபோது தங்கம்மாள் என்று ஓர் 'அம்மாள்' கூடியது. தந்தையார் இருந்தவரை இம்மூன்று பெண்களும் ஒரே வீட்டில் சண்டையின்றி வாழ்ந்தனர்.

அவர் மறைந்தபின் குடும்ப ஓய்வூதியத்துக்கு விண்ணப்பித்தோம். தாள் திரும்பி வந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'பெயர் வேறுபாடு. திருத்தி வருக' என்று ஒரு குறிப்பு. எந்த அலுவலகம் என்று நான் கூறப்போவதில்லை. எழுதியவர் மேலும் எனக்குச் சினமில்லை. காரணத்தைச் சற்றுப் பொறுத்துக் கூறுகிறேன். பதினொரு மாதம் பணம் வரவில்லை. கிராம அலுவலரிடம் 'இருவரும் ஒருவரே' என்னும் சான்றிதழுக்காக மூன்று முறை சென்றோம். மூன்றாம் முறை, அலுவலர் விசாரிக்குமுன் அம்மாவே பேசிவிட்டார்: "எம் பேரு எனக்குத் தெரியாதா மக்களே? ரெண்டும் நாந்தான்னு நாஞ் சொன்னாப் போதாதா?" அலுவலர் நல்லவர். "போதும் அம்மா, ஆனால் தாளில் சொல்ல வேண்டும்" என்றார்.

அந்தச் சிவப்புக் குறிப்பைக் கண்டபோது என் கை நடுங்கியதன் காரணம் இது. அதே சொற்களை அதே வரிசையில் நான் எழுதியிருக்கிறேன். அதற்கு நாலைந்து ஆண்டுகளுக்கு முன், இருப்புப்பாதையில் உழைத்து மறைந்த ஒரு தொழிலாளியின் மனைவியார் தாள்கள் என் மேசைக்கு வந்தன. ஒன்றில் இசக்கியம்மாள், ஒன்றில் எசக்கி. ஆங்கிலத்தில் ஒன்று 'ஐ', மற்றொன்று 'ஈ'. பிறந்த ஊரில் அப்பெயர் எப்படி ஒலிக்கும் என்பதை அந்த அலுவலகத்தில் என்னைவிட நன்கறிந்தவர் எவருமில்லை. ஆயினும் இருமுறை திருப்பினேன். சான்றிதழ் பெற்று வரலாம் என்னும் வழி விதியிலேயே இருந்தது. அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். எழுதவில்லை. அந்த அம்மையார் எழுத்தறியாதவர். பிறகு என்னுடன் பணிபுரிந்த மலையாள நண்பர் ஒருவர், இசக்கி யார் என்றே அறியாதவர், அவரை அமர்த்தி வைத்து, செய்ய வேண்டியதைச் சொல்லி அனுப்பினார். பணம் கிடைத்துவிட்டது என்று பின்னர் அறிந்தேன். இப்போது யான் ஒரு தாளைத் திருப்பினால், என்ன செய்ய வேண்டும் என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் கீழே எழுதி அனுப்புகிறேன்.

பெயர் எழுதுகின்றவன் கையில் சிறிது ஆட்சி இருக்கிறது. அது பெரிய கைகளில் இருந்த காலமும் உண்டு. 1809 இல் சாமித்தோப்பில் பிறந்த ஐயா வைகுண்டர் அவர்களுக்குப் பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள். எளிய குடியிற் பிறந்த பிள்ளைக்கு முடியும் பெருமாளும் எதற்கு என்று மேற்குடியினர் தடுத்தமையால், முத்துக்குட்டி என்று மாற்ற நேர்ந்ததென அவர் வரலாறு கூறுகிறது. ஒரு குழந்தையின் பெயரைக் கண்டு அஞ்சிய ஊர்! பின்னர் அவரைச் சிறையிட்டதும் இத்திருவனந்தபுரத்திலேதான்.

சாதிப் பட்டங்களைப் பற்றியும் ஒரு சொல். பிள்ளை என்றால் குழந்தை. முதலியார் என்றால் முதன்மையுடையவர். ஐயர் என்பது தலைவன், ஆசான், தந்தை என்னும் பொருளுடைய ஐயன் என்பதன் உயர்வுப் பன்மை. சொல்லளவில் எல்லாம் நல்ல சொற்களே. 1929 இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு இவற்றைப் பெயரோடு சேர்த்தல் ஆகாது என்று தீர்மானித்தது; தமிழ்நாட்டில் மெல்ல மெல்ல அவை உதிர்ந்தன. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு சேர்ந்தது. கரமனையில் இருந்த நாம் கேரளத்தில் நின்றோம். ஆகவே ஒரே குடும்பத்தில் நாகர்கோவிலில் உள்ளவர் பட்டமின்றியும், இங்குள்ளவர் பட்டத்தோடும் இருப்பதைக் காண்கிறோம். யான் என் பெயரில் பட்டத்தைச் சேர்ப்பதில்லை. என் தந்தையாருக்கு அதில் வருத்தமே. அவர் அதைச் சாதியாக எண்ணவில்லை. தம் தந்தையின் பெயரில் பாதி என்று எண்ணினார். இருவரும் இதைப் பற்றி வாதிட்டு முடித்ததே இல்லை.

கடல் கடந்த நம்மவர்க்கு இப்பட்டமே குடும்பப் பெயராக உறைந்துவிட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்காகத் தென்னாப்பிரிக்கா சென்றவர்களின் வழியினர் இன்று பிள்ளை, நாயுடு, படையாட்சி, முதலி என்பதன் திரிபான மூட்லி, கவுண்டர் என்பதன் திரிபான கோவெண்டர் என்று வழங்குகின்றனர். மொழி மறந்தவர் நாவிலும் அவ்வொரு சொல் நிற்கிறது.

மொழிப்பற்றால் பெயர் மாற்றியோரும் உண்டு. வேதாசலம் மறைமலை ஆனார். வேதம் மறை, அசலம் மலை. சூரியநாராயண சாஸ்திரியார் பரிதிமாற்கலைஞர் ஆனார். நாராயணசாமி நெடுஞ்செழியனும், இராமையா அன்பழகனும் ஆயினர். இவையெல்லாம் பொருளறிந்து செய்தவை. எண்கணிதம் பார்த்து ஆங்கிலத்தில் ஓர் 'ஏ' எழுத்தைக் கூட்டிக்கொள்வோரைப் பற்றி மட்டும் எனக்கு நல்ல சொல் இல்லை. அவர்களுடைய அதிர்ஷ்டம் வளர்கிறதோ இல்லையோ, என் மேசையில் தாள்கள் வளர்கின்றன.

குடும்பப் பெயர் இல்லாமை குறையன்று. ஐசுலாந்து நாட்டில் இன்றும் தந்தை பெயரோடு மகன் அல்லது மகள் என்று சேர்த்தே வழங்குகின்றனர். தொலைபேசிப் பட்டியலும் இயற்பெயர் வரிசையிலேயே அமைந்தது. துருக்கியரோ 1934 இல் சட்டம் இயற்றி எல்லார்க்கும் குடும்பப் பெயர் கட்டாயமாக்கினர். நமக்குச் சட்டம் இல்லை. விண்ணப்பப் படிவம் இருக்கிறது. வருமான வரிக்குரிய நிரந்தரக் கணக்கு எண் விண்ணப்பத்தில் முன்னெழுத்தை விரித்தெழுத வேண்டும். 2022 நவம்பரில், கடவுச்சீட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவரைச் சுற்றுலா விசாவில் ஏற்பதில்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் அறிவித்தது. பின்னர் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயர் இருந்தால் போதும் என்று தளர்த்தியது. வளைகுடாவில் பிள்ளைகள் இல்லாத தெரு கரமனையில் உண்டா? அந்த வாரம் எத்தனை வீடுகளில் பெட்டியைத் திறந்து கடவுச்சீட்டின் பின்பக்கத்தைப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியும்.

என் மகளுக்கு என் தாயாரின் பெயரையே இட்டிருக்கிறேன்: உலகம்மை. என் மனைவி தம் மாமியார் பெயரைச் சொல்லமாட்டார். ஆகவே வீட்டில் அவள் பாப்பா. அந்தப் 'பாப்பா' மட்டும் எந்தத் தாளிலும் ஏறாதபடி பதினெட்டு ஆண்டுகளாகக் காவல் இருந்து வருகிறேன். சென்ற வாரம் அவள் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பம் நிரப்பினாள். இயற்பெயர்க் கட்டத்தில் பாட்டியின் பெயரை எழுதினாள். குடும்பப் பெயர்க் கட்டத்தில் என் பெயரை எழுதப் போனவள் பேனாவை நிறுத்தி, "அப்பா, உங்களுக்கு எஸ்ஸா, டியா?" என்று கேட்டாள். பாட்டியும் பக்கத்தில் இருந்தார். அவரும் என் முகத்தைப் பார்த்தார். திங்கட்கிழமைக்குள் சொல்லுகிறேன் என்று கூறி, இக்கூட்டத்துக்கு வந்துவிட்டேன்.